முட்டையும் இல்லை, குஞ்சும் இல்லை: விராலடிப்பான் கூட்டருகே என்னதான் செய்கிறது? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

தென்மேற்குப் புளோரிடாவில் ஃபோர்ட் மையர்ஸ், கேப் கோரல், சானிபல் தீவுப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு, மீன் பிடித்துத் தின்னும் வேட்டைப் பறவையான விராலடிப்பான் அன்றாடப் பறவை. இங்கே ஆஸ்ப்ரே என்பார்கள். பேஸ்பால் மைதானத்து விளக்குக் கம்பம், கால்வாய் ஓரத்துக் கட்டை, கைப்பேசிக் கோபுரம் என்று உயரமாக எது கிடைத்தாலும் அதன் உச்சியில் குச்சிக் குவியலாகக் கூடு தெரியும். குஞ்சு இருக்கும்வரை கூட்டைச் சுற்றி கேமராவும் கையுமாக ஆட்கள் நிற்பார்கள். குஞ்சுகள் பறந்ததும் கூட்டம் கலைந்துவிடும். பறவை மட்டும் அங்கேயே இருக்கும். கோடையிலும் கூட்டைக் கவனிக்கும் நம்மவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளும் நான் சொன்ன பதில்களும் இவை.

எந்த மாதங்களைக் கூடு கட்டும் பருவமில்லாத காலம் என்று எடுத்துக்கொள்வது?

புளோரிடாவின் தென்பகுதியில் விராலடிப்பான் நவம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை முட்டையிடுகிறது. அடைகாக்க ஐந்தரை வாரம் ஆகும். குஞ்சு பறக்க இன்னும் ஏழெட்டு வாரம். பறந்த பிறகும் அது மீன் கேட்டுக் கத்திக்கொண்டே சில வாரம் கூட்டைச் சுற்றும். கணக்குப் போட்டால் ஏப்ரலிலேயே வேலை முடிந்துவிடும் ஜோடியும் உண்டு, ஜூலை வரை இழுக்கும் ஜோடியும் உண்டு. அதனால் ஜூலை பாதியிலிருந்து அக்டோபர் வரை எல்லாக் கூட்டுக்கும் ஓய்வுக்காலம் என்று வைத்துக்கொள்ளலாம்.

வட மாநிலங்களில் கதை வேறு. அங்கே வசந்தத்தில் முட்டை, ஆகஸ்டில் பறப்பு, செப்டம்பரில் தெற்கே பயணம். அந்த ஊர்க் குறிப்புகளைப் படித்துவிட்டு நம் கூட்டுக்கு முன்னால் நின்றால் குழப்பம்தான் மிஞ்சும். இங்கே குளிர்காலம்தான் வறண்ட காலம். மே நடுவில் தொடங்கி அக்டோபர் வரை மழையும் இடியும். அதற்குள் குஞ்சு சிறகு முளைத்துப் பறந்துவிட்டால் பிழைத்தது.

விராலடிப்பான் வலசை போகும் பறவையாயிற்றே. இது ஏன் போகவில்லை?

வடக்கே பனிக்காலத்தில் ஏரியும் ஆறும் உறைந்துவிடும். உறைந்த நீரில் மீன் பிடிக்க முடியாது, அதனால் போயே ஆகவேண்டும். தென்புளோரிடாவில் எந்த மாதத்திலும் நீர் திறந்துதான் கிடக்கிறது, மீனும் இருக்கிறது. கரீபியன், மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா ஆகிய இடங்களிலும் இப்படி நிலைத்து வாழும் விராலடிப்பான்கள் உண்டு.

ஒரு எச்சரிக்கை. தென்புளோரிடாவில் கூடு கட்டும் எல்லாமே ஊரோடு இருப்பவை என்று நினைத்துவிடக் கூடாது. செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2004-இல் வெளியானது. இங்கே கூடு கட்டிய பறவைகளில் சில இங்கேயே தங்கின, சில தென் அமெரிக்கா வரை போய்வந்தன என்று அது காட்டியது. ஒரே கரை, ஒரே மீன், ஆனாலும் ஆளுக்கு ஒரு வழக்கம். உங்கள் கூட்டுப் பறவை எந்த ரகம் என்று ஒரு கோடை முழுதும் பார்த்த பிறகுதான் சொல்லலாம்.

குஞ்சுகள் போய்விட்டன. பிறகும் ஏன் தினமும் கூட்டுக்கு வருகிறது?

இடத்துக்காக. இதுதான் இந்தக் காலத்தைப் புரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

விராலடிப்பானுக்கு நல்ல கூட்டிடம் லேசில் கிடைப்பதில்லை. சுற்றிலும் மறைப்பில்லாத உயரம் வேண்டும், மேலிருந்து இறங்கத் தடை இருக்கக் கூடாது, முட்டை தின்ன வரும் ரக்கூன் ஏற முடியாததாக இருக்க வேண்டும், பக்கத்தில் ஆழமில்லாத நீர் வேண்டும். இத்தனையும் பொருந்திய கம்பத்தில் பல வருடம் சேர்த்த குச்சிக் குவியல் இருந்தால் அது சொத்து. இந்தப் பறவை மூன்று வயதுக்கு மேல்தான் முதன்முதலில் கூடு கட்டுகிறது. அந்த வயதை எட்டிய, இடம் கிடைக்காத பறவைகள் கரை நெடுகச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆள் இல்லாத கூடு என்று தெரிந்தால் வந்து உட்கார்ந்துவிடும்.

ஆகவே சொந்தக்காரப் பறவை தன் முகத்தைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. காலையில் கூட்டு விளிம்பில் சற்று நேரம், மீன் பிடித்த பிறகு எதிர்க் கம்பத்தில் நீண்ட நேரம், மாலையில் மறுபடி ஒரு முறை. முட்டை இருக்கும்போது இருந்த பதற்றம் இருக்காது. கூட்டுக்குக் கீழே நீங்கள் நாயை நடத்திப் போனால் மார்ச்சில் தலைக்கு மேல் வந்து கத்தியிருக்கும், செப்டம்பரில் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி இறகு கோதும். அக்கறை போய்விட்டது என்று அர்த்தமில்லை. மனிதர் கூட்டைப் பிடித்துக்கொள்ளப் போவதில்லை என்று அதற்குத் தெரியும். இன்னொரு விராலடிப்பான் பிடிக்கும்.

ராத்திரி கூட்டில்தான் தூங்குமா?

பெரும்பாலும் இல்லை. அடைகாக்கும் காலம் தவிர, கூட்டுக்கு அருகே ஒரு பட்டமரம் அல்லது கம்பத்தில்தான் இரவைக் கழிக்கும். கூடு பிள்ளை வளர்க்கும் இடம், படுக்கையறை இல்லை. பொழுது சாயும்போது எந்தப் பக்கம் பறந்து எங்கே அமர்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த நாள் விடியலில் அதே இடத்தில் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

ஆகஸ்டில் குச்சி கொண்டுவருகிறதே, மறுபடி முட்டையிடப் போகிறதா?

இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வருகிறது. பதில்: ஆகஸ்டு குச்சியை வைத்து எதையும் முடிவு கட்டாதீர்கள்.

ஓய்வுக்காலக் குச்சி வேலையைச் சற்று நேரம் பார்த்தாலே வித்தியாசம் புரிந்துவிடும். என் வீட்டுக்குப் பின்னால் உள்ள கால்வாயின் கம்பத்தில் இருக்கும் ஆண், பட்டுப்போன மாங்குரோவ் கிளையை நோக்கிப் பறந்து, நிற்காமலே காலால் பற்றி உடம்பின் கனத்தால் ஒடிக்கப் பார்க்கும். ஒடிந்தால் அதோடு பறக்கும், ஒடியாவிட்டால் ஒரு சுற்றுப் போய் வந்து மறுபடி முயலும். கூட்டில் வந்து போட்டபின் அந்தக் குச்சியை அலகால் ஒரு பக்கம் இழுக்கும், இன்னொரு பக்கம் தள்ளும், கடைசியில் முதலில் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் போய்விடும். அடுத்த குச்சி அரை மணியில் வரலாம், நான்கு நாள் கழித்தும் வரலாம். நோக்கமே இல்லாத வேலை மாதிரித் தெரியும். ஆனால் மழைக்காலக் காற்றில் சரிந்த விளிம்பு இப்படித்தான் மெல்ல மெல்ல உயர்கிறது.

நவம்பரை நெருங்கும்போது வேகம் மாறும். ஒரே காலையில் குச்சிக்குப் பின் குச்சி வரும். பெண்ணும் கூட்டில் இறங்கி ஒழுங்குபடுத்தும். குச்சியோடு மென்மையான பொருள்களும் சேரும்: மரக்கிளைகளில் தொங்கும் ஸ்பானிஷ் பாசி, காய்ந்த புல், கடற்பாசி. நடுவில் குழிவு உருவாகும். மெத்தை போடத் தொடங்கிவிட்டது என்றால்தான் முட்டை நினைப்பு.

இன்னொன்றும் உண்டு. அந்த வருடம் முட்டையோ குஞ்சோ இழந்த ஜோடி, அதே கோடையில் சற்றுத் தள்ளி வேறொரு கம்பத்தில் இரண்டாவது கூட்டைக் கட்டத் தொடங்கலாம். அதில் முட்டையிடாது. பாதியில் விட்டுவிடவும் செய்யும். அடுத்த பருவத்தில் இரண்டில் எதைத் தேர்ந்தெடுக்கும் என்பதைப் பொறுத்திருந்துதான் பார்க்க வேண்டும். உங்கள் தெருவில் திடீரென்று புதுக்கூடு முளைத்தால் புது ஜோடி என்று உடனே எழுதிவிடாமல், பழைய கூட்டில் என்ன நடந்தது என்று விசாரியுங்கள்.

ஆண் எது, பெண் எது? இந்தக் காலத்தில் சேர்ந்து இருக்குமா?

பெண் சற்றுப் பெரிது. அதன் மார்பில் பழுப்புப் புள்ளிகள் கழுத்தணி போலப் பட்டையாக இருக்கும், ஆணுக்கு வெண்மையாகவோ லேசான புள்ளிகளோடோ இருக்கும். தென்புளோரிடாப் பறவைகளில் இந்தப் பட்டை மங்கலாகவும் இருக்கலாம் என்பதால் ஒன்றை மட்டும் பார்த்துச் சொல்வது கடினம். இரண்டும் அருகருகே அமரும் நாளுக்குக் காத்திருந்து ஒப்பிடுங்கள். அப்புறம் பிடரியில் உள்ள கரும்புள்ளிகள், கண்வழியாகப் போகும் பட்டையின் அகலம் இவற்றைப் படம் எடுத்து வைத்துக்கொண்டால் ஒவ்வொன்றும் தனி முகமாகத் தெரியத் தொடங்கும்.

சேர்ந்து இருக்குமா என்றால், ஒரே ஊரில் இருக்கும், ஒரே கிளையில் இருக்காது. பல ஜோடிகளில் ஆண்தான் கூட்டுக்குப் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். பெண் விலகிப்போய் வேறு கரையில் மீன் பிடித்துவிட்டு எப்போதாவது தலைகாட்டும், சில வாரம் காணாமலும் போகும். பிரிந்துவிட்டார்களா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: அவற்றைச் சேர்த்து வைப்பது பெரும்பாலும் கூடுதான். இரண்டும் அந்த இடத்தை விடவில்லை, அதனால் வருடா வருடம் ஒன்றையொன்று சந்திக்கின்றன. கல்யாண நாள் கதையெல்லாம் நாம் கட்டிவிடுவது.

மீன் சாப்பிடும் விதத்தில் மாற்றம் தெரியுமா?

நன்றாகத் தெரியும். பைனாகுலர் வைத்திருப்பவர்கள் ரசிக்க வேண்டிய இடம் இது.

பருவத்தில் ஆண்தான் குடும்பத்துக்கே மீன் பிடிக்கும். பிடித்த மீனை நேராகக் கூட்டுக்குக் கொண்டுபோகாமல், வழியில் ஒரு கம்பத்தில் அமர்ந்து தலையைத் தான் தின்றுவிட்டு, மீதியைக் கொண்டுபோய்க் கொடுக்கும். ஓய்வுக்காலத்தில் யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை. மடவையோ கெளுத்தியோ, பிடித்ததைத் தலையிலிருந்து வால்வரை தானே நிதானமாக முடிக்கும். பெரிய மீன் என்றால் மணிக்கணக்கில் ஆகும். நடுவே நிறுத்தி, மீன்மேல் ஒரு காலை வைத்தபடியே கண்ணயர்வதும் உண்டு.

மீனைப் பற்றியிருக்கும் காலைக் கவனியுங்கள். மற்றக் கழுகு, பருந்துகளுக்கு மூன்று விரல் முன்னே, ஒன்று பின்னே. விராலடிப்பான் வெளிவிரலைப் பின்னால் திருப்பி இரண்டுக்கு இரண்டாகப் பிடிக்கும். உள்ளங்காலில் முள் முள்ளாகச் சொரசொரப்பு. பறக்கும்போது மீனின் தலை முன்னே பார்த்தபடி இருக்கும், காற்று எதிர்ப்பு குறையும். சாப்பிட்டு முடித்ததும் கால்வாய்மேல் தாழப் பறந்து கால்களைத் தண்ணீரில் இழுத்துக்கொண்டே போகும். விளையாட்டில்லை, காலில் ஒட்டிய பிசுக்கைக் கழுவுகிறது.

கோடையில் பெண் கூட்டில் உட்கார்ந்து மீனுக்காகக் கெஞ்சும் குரல் கேட்காது. அக்டோபர், நவம்பரில் அந்தக் குரல் திரும்பக் கேட்டு, ஆண் தலை தின்ற மீனோடு கூட்டில் இறங்கினால், குறிப்பேட்டில் தேதியோடு எழுதி வையுங்கள்.

யாருமே இல்லை, ஆனால் கத்திக்கொண்டே இருக்கிறது. எதைப் பார்த்து?

யாரோ இருக்கிறார்கள், உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. அதன் பார்வை போகும் திசையில் வானத்தைத் தேடுங்கள். பல சமயம் ஒரு பொட்டாக வேறொரு விராலடிப்பான் உயரத்தில் வட்டமிடும்.

செப்டம்பர், அக்டோபரில் இது அதிகமாகும். வடக்கிலிருந்து கரீபியனுக்கும் தென் அமெரிக்காவுக்கும் போகும் விராலடிப்பான்கள் புளோரிடா வழியாக ஆயிரக்கணக்கில் இறங்குகின்றன. சில இங்கேயே குளிர்காலம் தங்கிவிடும். ஆகவே உங்கள் கூட்டில் அக்டோபரில் ஒரு பறவை அமர்ந்திருந்தால் அது வீட்டுக்காரரா, வழிப்போக்கரா என்று பார்க்க வேண்டும். முதுகு இறகுகளுக்கு வெளிர் விளிம்பு, கண் ஆரஞ்சு நிறம் என்றால் அந்த வருடத்து இளம்பறவை. வளர்ந்ததற்குக் கண் நல்ல மஞ்சள். இளம்பறவையை வீட்டுக்காரர் சில நேரம் பொறுத்துக்கொள்ளும், வளர்ந்த அந்நியரை விரட்டும்.

குரலிலும் தரம் உண்டு. சாதாரணமாக அந்நியரைக் கண்டால் விட்டுவிட்டுச் சீழ்க்கை போலக் குரல் கொடுக்கும். வெண்தலைக் கழுகு வந்தால் குரல் உயர்ந்து, இடைவெளியில்லாமல் அவசரமாக வரும், பறவை கூட்டை விட்டு எழுந்து மேலே போய்விடும். கழுகுக்கும் இதற்கும் பழைய பகை. கழுகு விராலடிப்பான் பிடித்த மீனை அந்தரத்தில் துரத்திப் பறிக்கும், விட்டால் கூட்டையும் எடுத்துக்கொள்ளும். புளோரிடாவில் வெண்தலைக் கழுகின் கூடு கட்டும் பருவம் அக்டோபரில் தொடங்குகிறது, அதாவது விராலடிப்பான் வேலையைத் தொடங்கும் முன்பே.

கழுகைவிட எனக்குக் கவலை தருவது கொம்பு ஆந்தை. இது தனக்கென்று கூடு கட்டாது. குளிர்காலத் தொடக்கத்தில் யாராவது கட்டி வைத்ததில் போய் முட்டையிட்டுவிடும். இரவில் வந்து அமர்வதால் பகலில் கவனிப்பவர்களுக்குத் தெரியாது. ஒருநாள் காலையில் குச்சிகளுக்கு மேல் இரண்டு காதுக்கொம்பு தெரிந்தால் அந்த வருடம் விராலடிப்பான் வேறு இடம்தான் பார்க்க வேண்டும். நவம்பரில் அந்தி மயங்கிய பிறகு கூட்டருகே ஆந்தைக் குரல் கேட்கிறதா என்று ஓரிரு நாள் நின்று கேட்பது வீண் போகாது.

குச்சிகளுக்கு நடுவே சின்னப் பறவைகள் குடியிருந்தாலும் கண்டுகொள்வதில்லை.

சிறகில் இறகு விழுந்து இடைவெளி தெரிகிறது. நோயா?

இறகு மாற்றம். இரண்டு சிறகிலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் இடைவெளி இருந்தால் பயப்பட வேண்டாம். பறக்காமல் மீன் பிடிக்க முடியாத பறவை என்பதால் எல்லா இறகையும் ஒரேயடியாக உதிர்க்காமல், ஒன்றிரண்டாக மாற்றிக்கொண்டே போகும். நீண்ட பயணம் போகும் பறவைகள் வழியில் இதை நிறுத்திவைக்கும். ஊரோடு இருப்பதற்கு அந்த அவசரம் இல்லை. புது இறகு கருப்பாகப் பளபளக்கும், பழையது பழுப்பேறி நுனி கிழிந்திருக்கும். நல்ல படம் ஒன்றில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம்.

ஒரு பக்கம் மட்டும் சிறகு தொங்கினாலோ, தரையிலேயே உட்கார்ந்திருந்தாலோ அது வேறு விஷயம். அருகே போகாமல் வனவிலங்கு மீட்பு மையத்துக்குச் சொல்லுங்கள்.

கீழே விழுந்த இறகை வீட்டுக்கு எடுத்து வராதீர்கள். அமெரிக்காவில் 1918-ஆம் ஆண்டின் வலசைப் பறவை ஒப்பந்தச் சட்டப்படி அனுமதியில்லாமல் இறகை வைத்திருப்பதே குற்றம். ஊரில் மயிலிறகைப் புத்தகத்தில் வைத்து வளர்ந்தவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். படம் எடுத்துக்கொண்டு விட்டுவிடுங்கள்.

புயல் வந்தால்? கூடு போனால் பறவையும் போய்விடுமா?

புளோரிடாவின் புயல் பருவம் ஜூன் முதல் நவம்பர் வரை, கிட்டத்தட்ட இந்த ஓய்வுக்காலத்தோடு ஒத்துப்போகிறது. 2022 செப்டம்பர் 28-இல் இயன் சூறாவளி கயோ கோஸ்டா தீவில் மணிக்கு சுமார் 240 கிலோமீட்டர் காற்றோடு கரையேறியது. சானிபல் பக்கம் கூடுகளும், அவற்றைத் தாங்க மனிதர் அமைத்த மேடைகளும் விழுந்தன. அந்தத் தேதியில் எந்தக் கூட்டிலும் முட்டையோ குஞ்சோ இல்லை என்பது மட்டுமே ஆறுதல்.

கூடு போனாலும் இடம் நினைவிருக்கும். கம்பம் நின்றால் அதே உச்சியில் முதல் குச்சியைப் போடப் பார்க்கும். வெறும் கம்பத்தில் குச்சி நிற்காமல் விழுந்துகொண்டே இருக்கும், கீழே ஒரு குவியல் சேரும். அந்தக் குவியலைக் கண்டால் சுத்தம் செய்துவிட்டுப் போகாமல், மேடைகளைப் பராமரிக்கும் அமைப்பிடம் சொல்லுங்கள். சானிபலில் இண்டர்நேஷனல் ஆஸ்ப்ரே ஃபவுண்டேஷன் என்று இதற்கென்றே ஒரு தன்னார்வ அமைப்பு இருக்கிறது. மேடை மாற்றுவதற்கும் பழுது பார்ப்பதற்கும் இந்தக் காலத்தைவிட நல்ல காலம் கிடையாது.

இன்னொரு இடர் ரெட் டைடு என்று இங்கே சொல்லும் பாசிப் பெருக்கம். கோடைக் கடைசியிலும் இலையுதிர் காலத்திலும் வளைகுடாக் கரையில் வரும். மீன்கள் செத்து ஒதுங்கும். விராலடிப்பான் உயிருள்ள மீனைத்தான் தேடுவதால் அப்போது உள்ளடங்கிய வாய்க்கால்களுக்கும் நன்னீர்க் குளங்களுக்கும் மாறிப்போகலாம். உங்கள் கூடு சில நாள் வெறிச்சோடினால் கடற்கரைச் செய்தியையும் பாருங்கள்.

கூட்டில் தூண்டில் நரம்பும் பிளாஸ்டிக்கும் தொங்குகிறது. குஞ்சு இல்லாதபோது ஏறி எடுத்துவிடலாமா?

நீங்களாக ஏறாதீர்கள். இந்தப் பறவைக்குக் குச்சிக்கும் கயிற்றுக்கும் வேறுபாடு தெரியாது. பிளாஸ்டிக் பை, வலைத்துண்டு, தூண்டில் நரம்பு எல்லாவற்றையும் கொண்டுவந்து சேர்க்கும். அதில் குஞ்சின் கால் சுற்றிக்கொண்டால் சாவுதான். ஆகவே எடுக்க வேண்டியதுதான், ஓய்வுக்காலத்தில்தான் எடுக்கவும் முடியும். ஆனால் கம்பங்களில் மின்சாரம் இருக்கிறது, ஆள் இல்லாத கூட்டுக்கும் விதிகள் இருக்கின்றன. புளோரிடா மீன், வனவிலங்குப் பாதுகாப்பு ஆணையத்திடமோ மின்வாரியத்திடமோ படத்தோடு சொன்னால் முறைப்படி செய்வார்கள். கரையில் கிடக்கும் நரம்பைப் பொறுக்கிக் குப்பையில் போடுவதற்கு மட்டும் யார் அனுமதியும் வேண்டாம்.

எப்போது, எங்கே நின்று பார்ப்பது? எதை எழுதுவது?

கோடையில் காலை பத்து மணிக்கு மேல் வெயிலில் நீங்களும் வாடுவீர்கள், பறவையும் அலகைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு சும்மா இருக்கும். விடிந்ததும் ஒரு மணி நேரம், அல்லது மாலை மழை ஓய்ந்த பிறகு. மழையில் நனைந்த பறவை கம்பத்தில் சிறகை விரித்துக் காயவைப்பதைப் பார்க்க அந்த நேரம் நல்லது.

எட்டு மடங்கு பைனாகுலர் போதும். முக்காலியில் வைக்கும் தொலைநோக்கியான ஸ்கோப் இருந்தால் முகம் அடையாளம் காண உதவும். தூரத்துக்குக் கணக்கு ஒன்றுதான்: நீங்கள் வந்ததால் பறவை செய்துகொண்டிருந்ததை நிறுத்தினால் பக்கத்தில் வந்துவிட்டீர்கள். ட்ரோன் வேண்டவே வேண்டாம்.

எழுதுவதில் என் பிடிவாதம் ஒன்று உண்டு. எல்லோரும் கூட்டையே பார்த்து 'இருந்தது, இல்லை' என்று எழுதுகிறார்கள். ஓய்வுக்காலத்தில் கூட்டில் அது கழிக்கும் நேரம் குறைவு. சுற்றியுள்ள கம்பம், பட்டமரம், படகுக்கூடத்து முகடு ஆகியவற்றுக்கு எண் கொடுத்து ஒரு கோட்டுப்படம் வரைந்துகொள்ளுங்கள். எந்த இடத்தில், எந்தப் பக்கம் பார்த்து, எவ்வளவு நேரம் என்று எழுதுங்கள். சில வாரத்தில் அதன் எல்லை தாளில் தெரிந்துவிடும். எந்த இடத்திலிருந்து கூடு நன்றாகத் தெரிகிறதோ அங்கேதான் அது அதிகம் உட்கார்ந்திருக்கும்.

பத்து நாளாகக் காணவில்லை. கூட்டைக் கைவிட்டுவிட்டதா?

அவசரப்படாதீர்கள். நீங்கள் போகும் நேரத்தை மாற்றிப் பாருங்கள். கூட்டின் கீழே புது வெள்ளை எச்சம் இருக்கிறதா, மீன் செதில் கிடக்கிறதா என்று பாருங்கள். அவை இருந்தால் பறவை வந்து போகிறது. டிசம்பர், ஜனவரி வந்தும் புதுக்குச்சி ஒன்றும் சேரவில்லை, வேறு பறவை உட்கார்ந்தாலும் விரட்ட ஆளில்லை என்றால் அப்போது கவலைப்படலாம்.

தமிழ்நாட்டில் இப்படிக் கூட்டருகே பார்க்க முடியுமா?

கூட்டருகே முடியாது. பழவேற்காடு, கோடியக்கரை, பெரிய ஏரிகள், அணைகள் ஆகிய இடங்களில் குளிர்காலத்தில் நாம் காணும் விராலடிப்பான் வடக்கிலிருந்து வரும் விருந்தாளி. கூடு அங்கே இல்லை. ஆனால் அதுவும் தன் ஓய்வுக்காலத்தில்தான் இருக்கிறது, வந்தால் ஒரே ஏரியில், ஒரே மரக்கட்டையில் மாதக்கணக்கில் உட்காரும். கம்பங்களுக்கு எண் கொடுத்து எழுதும் முறை அங்கேயும் அப்படியே பொருந்தும். ஊருக்குப் போகும்போது செய்து பார்க்கலாம்.

சரி, ஓய்வுக்காலம் முடிந்தது என்று எப்படிச் சொல்வது?

ஆண் வானத்தில் ஏறி, காலைத் தொங்கவிட்டு, பெரும்பாலும் மீனையோ குச்சியையோ பிடித்தபடி, விடாமல் குரல் கொடுத்துக்கொண்டே மேலும் கீழுமாக அலைந்து பறக்கும். சிறகை வேகமாக அடித்து ஒரே இடத்தில் நிற்கும், சரிந்து இறங்கும், மறுபடி ஏறும். கீழே பெண் கூட்டில் இருக்கும். இதைக் கண்டால் ஓய்வு முடிந்தது. இணைசேர்தல் முட்டைக்குப் பல வாரம் முன்பே தொடங்கிவிடும் என்பதால் அதை வைத்து நாள் கணிக்க முடியாது. பெண் கூட்டை விட்டு அதிகம் எழாமல், குழிவுக்குள் பதிந்து தலை மட்டும் தெரிய உட்கார்ந்துவிட்டால் முட்டை வந்துவிட்டது. அன்றிலிருந்து நீங்கள் நிற்கும் இடத்தை இரண்டு மடங்கு தள்ளி வையுங்கள்.